வலியை அணைக்கும் பொத்தான் யார் கையில்?

போன வாரம் ஒரு ராத்திரி தூக்கம் வராம யூட்யூபை நோண்டிக்கிட்டு இருந்தப்ப கும்ப்ளே சிக்கினார். 2002 மே மாசம், ஆன்டிகுவா டெஸ்ட். பேட்டிங்ல மெர்வின் டில்லன் போட்ட பவுன்சர் தாடையில பட்டு எலும்பு முறிஞ்சு போச்சு. மறுநாள் பெங்களூருக்கு ஃப்ளைட், அங்கே ஆபரேஷன். டிக்கெட் ரெடி. மனுஷன் என்ன பண்ணினார்? தலையைச் சுத்தி தாடையோட சேர்த்து வெள்ளைக் கட்டு போட்டுக்கிட்டு மைதானத்துல இறங்கி, தொடர்ச்சியா 14 ஓவர் போட்டார். 29 ரன் கொடுத்து ஒரு விக்கெட். அந்த ஒண்ணு யாருங்கறீங்க? லாரா. எல்.பி.டபிள்யூ!

அந்த மேட்ச் நடந்தப்ப எனக்கு யூ.கே.ஜி. வயசு. அப்பா சொல்லிச் சொல்லிக் கேட்டதுதான். ஆனாலும் எப்ப பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும். இந்தத் தடவையும் புல்லரிச்சது. ஆனா கூடவே ஒரு கேள்வியும் வந்தது. காரணம் என் வலது கால்.

ரெண்டு வருஷம் முன்னாடி 21 கிலோமீட்டர் ஓட்டம் ஒண்ணுக்குப் பேர் கொடுத்திருந்தேன். ஓட்டத்துக்கு ரெண்டு வாரம் முன்னாடியே முழங்காலுக்குக் கீழ, முன்னெலும்புல ஒரு வலி. விரலை வெச்சு அழுத்தினா 'சுர்'ருங்கும். நான் என்ன பண்ணினேன்? கம்பைலர் வார்னிங் வந்தா அதை ஆஃப் பண்ணிட்டு ரிலீஸ் பண்ற ஜாதி இல்லையா நாம. ஒரு வலி மாத்திரை, ஓடறதுக்கு முன்னாடி இன்னொண்ணு. ஓடி முடிச்சு, மெடலைக் கடிச்சு ஃபோட்டோ எல்லாம் எடுத்துப் போட்டாச்சு. மறுநாள் காலைல காலைக் கீழ ஊன முடியல. ஸ்கேன்ல எலும்புல விரிசல். மூணு மாசம் நொண்டல். பிசியோ ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்: "வலி உங்ககிட்ட ரெண்டு வாரமா பேசிக்கிட்டே இருந்திருக்கு சார், நீங்க ஏன் வாயை அடைச்சீங்க?"

கும்ப்ளே பண்ணினா வீரம், நான் பண்ணினா முட்டாள்தனமா? (ஆமாங்கறீங்களா? சரி சரி.) ரெண்டுக்கும் நடுவுல கோடு எங்கே இருக்குன்னு தேட ஆரம்பிச்சேன். தேடினா நூறு வருஷத்துக் கதை வந்து விழுந்தது. அதுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்குங்க மக்களே.

எட்டிக்காயும் பிராந்தியும்

1904 ஆகஸ்ட் 30. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக்ஸ், மாரத்தான். அன்றைக்கு நல்ல வெயில். மண் ரோடு, முன்னாடி போகிற கார்களும் குதிரைகளும் கிளப்பும் புழுதி. வழியில் குடிக்கத் தண்ணீர் கிடைத்தது ஓரிரு இடத்தில் மட்டும். 32 பேர் கிளம்பி 14 பேர்தான் முடித்தார்கள். முதலில் அரங்கத்துக்குள் ஓடி வந்த ஃப்ரெட் லோர்ஸ் என்கிற ஆள் பாதி வழியில் காரில் ஏறி வந்தவர் என்று கண்டுபிடித்து விரட்டியது தனிக் காமெடி.

நமக்கு வேண்டியது ரெண்டாவதாக வந்து தங்கம் வாங்கிய தாமஸ் ஹிக்ஸ். கடைசிப் பத்து மைல் இருக்கும்போதே ஆள் துவண்டுவிட்டார். படுக்கணும் என்றார். கூடவே வந்த உதவியாளர்கள் விடவில்லை. முட்டை வெள்ளைக்கருவோடு ஸ்ட்ரிக்னைன் கலந்து கொடுத்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு டோஸ், மேலுக்கு பிராந்தி. ஸ்ட்ரிக்னைன் என்றால் ஏதோ வெளிநாட்டுச் சரக்கு என்று நினைக்காதீர்கள். நம்ம ஊர் எட்டி மரத்துக் கொட்டையில் இருக்கிற விஷம்தான். எலி மருந்து. அந்தக் காலத்தில் சின்ன அளவில் அதை ஊக்கமருந்தாகக் கொடுப்பார்கள். டோஸ் கொஞ்சம் கூடினால் தசையெல்லாம் இழுத்துப் பிடித்து மூச்சு நின்று போகும்.

ஹிக்ஸ் 3 மணி 28 நிமிஷம் 53 விநாடியில், கிட்டத்தட்ட ரெண்டு பக்கமும் ஆள் தாங்க, எல்லையைக் கடந்தார். பிழைத்தது அதிர்ஷ்டம். இதில் எனக்கு அதிர்ச்சி எது தெரியுமா? யாரும் இதை மறைக்கவில்லை. கூட வந்த சார்லஸ் லூகாஸ் என்பவர் எந்த இடத்தில் எவ்வளவு கொடுத்தோம் என்று அவரே பின்னாடி எழுதி வைத்தார். மருந்து ஓட்டக்காரனுக்கு ரொம்ப உதவுது என்பதற்கு இந்தப் போட்டியே சாட்சி என்கிற தொனியில், பெருமையாக!

அன்றைய புரிதல் அவ்வளவுதான். வலியும் களைப்பும் வழியில் நிற்கிற எதிரி. அடித்து வீழ்த்தினால் வெற்றி. படுக்கணும் என்று ஹிக்ஸ் சொன்னதை ஒரு தகவலாக யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. தொந்தரவாகத்தான் எடுத்துக்கொண்டார்கள்.

கயிறும் மணியும்

ஏன் அப்படி? வலி என்றால் என்ன என்று விஞ்ஞானத்துக்கே அன்றைக்குச் சரியாகத் தெரியாது. 17-ஆம் நூற்றாண்டில் தத்துவ ஞானி தெக்கார்த் ஒரு விளக்கம் சொன்னார். அவர் இறந்த பிறகு வெளிவந்த புத்தகத்தில் படமே இருக்கிறது. ஒருத்தன் கால் நெருப்புக்குப் பக்கத்தில். அங்கிருந்து ஒரு கயிறு மூளை வரைக்கும். கோயில் மணிக் கயிறு மாதிரி. கீழே இழுத்தால் மேலே மணி அடிக்கும். காயம் எவ்வளவோ வலி அவ்வளவு. இந்தக் கயிற்றுக் கதைதான் முந்நூறு வருஷம் கொடி கட்டிப் பறந்தது.

இதில் ஓட்டை விழுந்தது போர்க்களத்தில். ரெண்டாம் உலகப் போரில், இத்தாலியில் ஆன்சியோ பக்கம், ஹென்றி பீச்சர் என்கிற அமெரிக்க மயக்க மருந்து டாக்டர் வேலை பார்த்தார். பலத்த காயம் பட்டு வந்த சிப்பாய்களிடம், "வலிக்கு மருந்து வேணுமா?" என்று கேட்டால், ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் வேணாம் என்றார்கள்! எலும்பு முறிந்தவன், வயிற்றில் குண்டுச் சிதறல் வாங்கியவன் எல்லாம் இதில் உண்டு. 1946-ல் இதைக் கட்டுரையாக எழுதினார். போர் முடிந்து ஊருக்கு வந்து ஆபரேஷன் நோயாளிகளைப் பார்த்தால், அங்கே சின்ன வெட்டுக்கே பெரும்பாலான பேர் மருந்து கேட்டார்கள்.

பீச்சர் சொன்ன காரணம் யோசிக்க வைக்கும். சிப்பாய்க்குக் காயம் என்றால் 'இனி போர்முனை இல்ல, உயிரோட வீட்டுக்குப் போகலாம்' என்று அர்த்தம். ஊரில் இருப்பவனுக்கு ஆபரேஷன் என்றால் ஆபத்து, செலவு, பயம். அர்த்தம் மாறினால் வலியே மாறுகிறது. கயிற்றுக் கணக்கில் இது உதைக்குதே!

1965-ல் ரொனால்ட் மெல்சாக், பேட்ரிக் வால் என்று ரெண்டு பேர் சேர்ந்து புதுக் கணக்கு போட்டார்கள். தண்டுவடத்தில் ஒரு கேட் இருக்கிறது என்றார்கள். கீழேயிருந்து வருகிற வலிச் செய்தி அந்தக் கேட்டைத் தாண்டித்தான் மேலே போகணும். அந்தக் கேட்டைத் தொடுகை உணர்வு மூடலாம், மூளையே மேலேயிருந்து உத்தரவு போட்டும் மூடலாம், திறக்கலாம். கட்டில் கால்ல சுண்டுவிரலை இடிச்சுக்கிட்டா உடனே "ஸ்ஸ்ஸ்"னு தேய்ச்சு விடறோமே, அது சும்மா இல்லை. தேய்ப்பு அந்தக் கேட்டைக் கொஞ்சம் சாத்துகிறது. பாட்டி தைலம் தேய்த்தால் வலி குறைவதில் தைலத்துக்குப் பாதி, பாட்டி கைக்குப் பாதி என்று நான் நம்புகிறேன் :-)

அந்தத் தியரியின் நுணுக்கங்கள் சில பின்னாடி மாறிப் போயின. ஆனால் வலிக்கு மேலேயும் ஒரு கட்டுப்பாடு இருக்கு என்கிற அடிப்படை நின்றுவிட்டது. 1975-ல் ஸ்காட்லாந்தின் அபர்டீனில் ஹியூஸும் காஸ்டர்லிட்ஸும் மூளையே தயாரிக்கிற மார்ஃபின் மாதிரியான சரக்கைக் கண்டுபிடித்தார்கள். ஆக, மேலே இருக்கிற ஆள் கேட்டை மூட நினைத்தால் கையில் கருவியும் இருக்கிறது.

அப்போ விளையாட்டு வீரர்கள் எந்த வகை? அவர்களுக்கு வலியே தெரியாதா? 1981-ல் ஸ்காட்லாந்தில் நீச்சல் வீரர்களை வைத்து ஒரு சோதனை. கையில் ரத்த ஓட்டத்தை நிறுத்திவிட்டு விரல்களை மடக்கி விரிக்கச் சொன்னார்கள். வலிக்க ஆரம்பிக்கும் இடத்தில் தேசிய அணிக்காரருக்கும் சாதாரண ஆளுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எப்போது 'போதும்' என்று நிறுத்துகிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். அதுவும் பயிற்சி உச்சத்தில் இருக்கும் மாதங்களில் தாங்கும் சக்தி கூடியது, ஓய்வு மாதங்களில் குறைந்தது. அதாவது கும்ப்ளேவுக்கும் நமக்கும் வலிக்க ஆரம்பிப்பது ஏறத்தாழ ஒரே இடத்தில்தான். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது பயிற்சியில் வருகிறது.

பிரேக்கைக் கழற்றினால்

இந்த விஞ்ஞானம் எல்லாம் ஒரு பக்கம் நடக்கட்டும். விளையாட்டு உலகம் காத்திருக்கவில்லை.

1967 ஜூலை 13. டூர் டி ஃப்ரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் மோன் வாந்தூ மலை ஏற்றம். மரம் மட்டையில்லாத மொட்டை மலை. கொளுத்துகிற வெயில். இங்கிலாந்துக்காரர் டாம் சிம்ப்சன், வயசு 29, முன்னாள் உலக சாம்பியன். உச்சிக்கு ஒரு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல இருக்கும்போது விழுந்தார். மெக்கானிக் 'போதும் விடு' என்றார். சிம்ப்சன் கேட்கவில்லை. திரும்ப ஏற்றிவிட்டார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடி விழுந்தார். அவ்வளவுதான். சட்டைப் பையில் ஆம்ஃபெடமின் மாத்திரைக் குப்பிகள் இருந்தன. ரத்தத்தில் அதுவும் இருந்தது, மதுவும் இருந்தது. வெயில், வயிற்று உபாதை, மருந்து எல்லாம் சேர்ந்து கொன்றது. ஹிக்ஸுக்கு 63 வருஷம் முன்னாடி இருந்த அதிர்ஷ்டம் இவருக்கு இல்லை.

களைப்பும் வலியும் வண்டியின் பிரேக். பிரேக்கைக் கழற்றினால் வண்டி வேகமாகத்தான் போகும். இது வெறும் உவமை இல்லீங்க. 2010-ல் இங்கிலாந்தில் ஒரு ஆராய்ச்சி. பயிற்சி பெற்ற 13 சைக்கிள்காரர்களுக்கு, நாம காய்ச்சலுக்குப் போடறோமே அந்த பாரசிட்டமால், ஒன்றரை கிராம் கொடுத்தார்கள். பத்து மைல் தூரத்தை ஏறத்தாழ அரை நிமிஷம் சீக்கிரமாக முடித்தார்கள். வலி அதிகம் என்று சொல்லவில்லை, ஆனால் இதயத் துடிப்பு கூடியிருந்தது. புரியுதா? உடம்பு கூடுதலாகச் செலவழித்தது, ஆனால் பில் கண்ணுக்குத் தெரியவில்லை. (யாரும் வீட்டில் முயற்சி செய்ய வேண்டாம். ஈரலுக்கு ஆகாது. முட்டாள்தனத்தில் அனுபவசாலி சொல்றேன்.)

ஒரே ஊசி, ரெண்டு கதை

அடுத்து ஊசி. மாத்திரை உடம்பு முழுக்கப் பரவும். மரத்துப் போகிற ஊசி போட்ட இடத்தை மட்டும் ஊமையாக்கும். அமெரிக்க பாஸ்கெட்பாலில் எட்டு வருஷ இடைவெளியில் ரெண்டு ஊசி. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கணும்.

முதலாவது, 1970 மே 8, நியூயார்க். என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் ஏழாவது, கடைசி ஆட்டம். நியூயார்க் நிக்ஸ் அணியின் கேப்டன் வில்லிஸ் ரீட் தொடைத் தசை கிழிந்து முந்தைய ஆட்டத்துக்கே வரவில்லை. ஆட்டம் தொடங்கச் சற்று முன்னால், தொடையில் ஊசி போட்டுக்கொண்டு நொண்டியபடி மைதானத்துக்கு வந்தார். அரங்கமே எழுந்தது. முதல் ரெண்டு கூடையும் அவரே போட்டார். அதற்கப்புறம் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. ஆனால் அது போதும். 113-99, நிக்ஸ் சாம்பியன். இன்றைக்கும் அமெரிக்க விளையாட்டின் தலைசிறந்த வீரக் கதைகளில் இது ஒன்று.

ரெண்டாவது, 1978. போர்ட்லேண்ட் அணியின் பில் வால்டன். அந்த வருஷத்தின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கியவர். பாதத்தில் வலி. நாக்-அவுட் கட்ட ஆட்டத்துக்காக ஊசி போட்டு இறக்கினார்கள். ஆட்டத்துக்குப் பிறகு எக்ஸ்ரே எடுத்தால் பாதத்து எலும்பு முறிவு. வால்டன் அணியின் மருத்துவ முறைகளைக் குற்றம் சாட்டி, இனி இங்கே ஆட மாட்டேன் என்று அடுத்த சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டார். வழக்கும் போட்டார். பின்னாடி 1986-ல் பாஸ்டன் அணியில் ஒரு கோப்பை ஜெயித்தார் என்பது உண்மைதான். ஆனால் அந்தப் பழைய கால் திரும்ப வரவேயில்லை. வாழ்நாளில் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகள். 2024-ல் இறக்கும் வரை வலி பற்றியும் அதிலிருந்து மீண்டது பற்றியும் பேசிக்கொண்டே இருந்தார்.

ரெண்டும் மரத்துப் போகிற ஊசிதான். ரெண்டும் 'அணிக்காக'தான். ரீடுக்கு என்ன கிழிந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், அது சீசனின் கடைசி ஆட்டம். வால்டன் விஷயத்தில், வலி சொல்ல வந்த சேதி என்னவென்று படிப்பதற்கு முன்னாடியே அதன் வாயை அடைத்துவிட்டார்கள். என் ரெண்டு மாத்திரை ஞாபகத்துக்கு வந்தது. நான் வால்டன் கட்சி. (திறமையில் இல்லை!)

சம்பளமும் ஒப்பந்தமும் நுழைந்தால் இது இன்னும் சிக்கல். 2011-ல் அமெரிக்கக் கால்பந்தில் ஓய்வு பெற்ற 644 பேரிடம் விசாரித்த ஆய்வு ஒன்று வந்தது. 52% பேர் ஆடிய காலத்தில் ஓபியாய்ட் வகை வலி மருந்து எடுத்திருக்கிறார்கள். அதில் 71% பேர் அதைத் தவறாகப் பயன்படுத்தியவர்கள். 2014-ல் முன்னாள் வீரர்கள் லீக் மேலேயே வழக்குப் போட்டார்கள். டீம் டாக்டருக்குச் சம்பளம் தருவது டீம். ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு ஆள் வேணும் என்பது டீமின் கவலை. அவனுக்கு நாற்பது வயசில் படி ஏற முட்டி வேணும் என்று கவலைப்பட அங்கே யார் இருக்கிறார்கள்?

ரெண்டு குதி

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு ஜிம்னாஸ்டிக்ஸ் பக்கம் போவோம். அங்கேதான் என்னை ரொம்பத் தொந்தரவு செய்த கதை இருக்கிறது.

1976 மாண்ட்ரியல். ஜப்பான், சோவியத் யூனியன் ரெண்டும் மயிரிழை வித்தியாசத்தில். ஜப்பானின் ஷுன் ஃபுஜிமோட்டோ, வயசு 26, தரைப் பயிற்சியில் முட்டிச் சில்லை உடைத்துக்கொண்டார். கூட இருப்பவர்கள் மனசு உடைந்துவிடக் கூடாது என்று வெளியே காட்டிக்கொள்ளாமல் அடுத்த பயிற்சிக்குப் போனார். பொம்மல் ஹார்ஸில் 9.5. அடுத்து வளையம். அதில் கடைசியில் அந்தரத்தில் கரணம் அடித்துக் கீழே குதித்தே ஆகணும். எட்டடி உயரத்திலிருந்து, உடைந்த முட்டியின் மேல். குதித்தார், நின்றார், கைகளை உயர்த்தினார். 9.7. அதற்கப்புறம்தான் சரிந்தார். அந்தக் குதியில் காயம் இன்னும் மோசமாகி, தசைநார் கிழிந்தது. ஜப்பான் 0.4 புள்ளியில் தங்கம் வென்றது.

பல வருஷம் கழித்து அவரிடம் கேட்டார்கள்: திரும்ப அப்படிச் செய்வீர்களா? மாட்டேன் என்றார். வீரக் கதை சொல்கிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டும் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள்.

இருபது வருஷம் கழித்து, 1996 ஜூலை 23, அட்லாண்டா. அமெரிக்கப் பெண்கள் அணி முதல் அணித் தங்கத்துக்குப் பக்கத்தில். கடைசியாக வால்ட். கெர்ரி ஸ்ட்ரக், வயசு 18. முதல் குதியில் விழுந்து கணுக்கால் பிசகியது. இரண்டாவது குதி தேவையா என்று கேட்டார். தேவை, உன்னால முடியும் என்றார் கோச் பேலா கரோலி. ஓடினார், குதித்தார், ஒற்றைக் காலில் நின்று நடுவர்களுக்கு வணக்கம் காட்டிவிட்டுத் தவழ்ந்து விழுந்தார். 9.712. கோச் அவரைக் குழந்தை மாதிரி தூக்கி வந்த காட்சியை உலகமே பார்த்தது. தனிநபர் போட்டிகள் எதிலும் ஸ்ட்ரக் இறங்க முடியவில்லை.

இப்போ ஒரு சின்னக் கணக்கு போடலாமா? அமெரிக்காவின் மொத்தம் 389.225. ரஷ்யா 388.404. வித்தியாசம் 0.821. ஸ்ட்ரக் ரெண்டாவது முறை குதிக்காமல் இருந்திருந்தால், அவருக்குப் பதில் அணியில் கணக்கில் வந்திருக்கும் மதிப்பெண் 9.2. இழப்பு 0.512. அப்படியும் தங்கம் அமெரிக்காவுக்குத்தான்!

அந்த நேரத்தில் அது யாருக்கும் உறுதியாகத் தெரியாது, ரஷ்யர்கள் இன்னும் தரைப் பயிற்சியை முடிக்கவில்லை என்பது நியாயமான வாதம். ஸ்ட்ரக்கும் வருத்தம் இல்லை என்றுதான் சொல்லியிருக்கிறார். சரி. ஆனால் 18 வயசுப் பெண், பல வருஷம் தன் வாழ்க்கையை முடிவு செய்த கோச், அரங்கம் முழுக்கக் கூச்சல். "இது தேவையா?" என்று கேட்டதே அந்தப் பெண் வலியைப் பற்றிப் பேச எடுத்த ஒரே முயற்சி. பதில் ரெடியாக இருந்தது. ஃபுஜிமோட்டோவிடம் யாரும் கேட்கவில்லை, அவர் யாரிடமும் சொல்லவில்லை. முடிவு அவருடையது. இங்கே முடிவு யாருடையது?

அட்லாண்டாவில் அந்த அணியோடு இருந்த மருத்துவக் குழுவில் ஒருவர் லாரி நாசர். பல வருஷங்களாகச் சிகிச்சை என்ற பேரில் சிறுமிகளைப் பாலியல் வன்கொடுமை செய்ததற்காக 2018-ல் சிறைத் தண்டனை பெற்றவர். கோர்ட்டில் பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசினார்கள். வலிக்குது, சங்கடமா இருக்குன்னு சொன்னால் எடுபடாத ஒரு இடத்தில் வளர்ந்தோம் என்பதும் அவர்கள் சொன்னவற்றில் இருந்தது. உடம்பு சொல்வதை நம்பாதே என்று பழக்கிய இடத்தில், உடம்புக்கு நடக்கிற அநியாயத்தையும் சொல்ல வாய் வராது. வலியை அடக்கப் பழக்குவதற்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது என்பது அதுவரை எனக்குத் தோணவே இல்லை.

வலியே இல்லாத பையன்

வலியே இல்லாமல் இருந்தால் எவ்வளவு நல்லா இருக்கும் என்று தோணுதா? 2006-ல் 'நேச்சர்' இதழில் ஒரு ஆராய்ச்சி வந்தது. வட பாகிஸ்தானில் ஒரு பையன். தெருவில் வித்தை காட்டுவான். கையில் கத்தியைச் செருகுவான், தணலில் நடப்பான். வலிக்காது. ஒரு மரபணுவில் கோளாறு, வலி நரம்புகளில் செய்தி கிளம்பவே கிளம்பாது. ஆராய்ச்சியாளர்கள் அவனைப் பார்ப்பதற்குள், 14 வயசு முடியுமுன்னே, வீட்டுக் கூரையிலிருந்து குதித்து இறந்துவிட்டான். அவன் உறவினர்களில் இதே கோளாறு உள்ள குழந்தைகள் நாக்கையும் உதட்டையும் கடித்துக்கொண்டு, எலும்பு முறிந்ததுகூடத் தெரியாமல் இருந்தார்கள்.

அலாரம் இல்லாத வீடு நிம்மதியான வீடு இல்லை.

இதெல்லாம் மெதுவாக விளையாட்டு உலகத்துக்கும் உறைத்தது. 2017-ல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி, உச்சநிலை வீரர்களின் வலியை எப்படிக் கையாளுவது என்று நிபுணர்களைக் கூட்டி ஓர் அறிக்கை வெளியிட்டது. அதன் சாரம்: வலி வேறு, காயம் வேறு. காயம் இல்லாமலும் வலி இருக்கலாம், வலி குறைந்தும் காயம் ஆறாமல் இருக்கலாம். முதலில் காரணத்தைக் கண்டுபிடி. தூக்கம், சாப்பாடு, மனசு, பயிற்சி முறை, பிசியோ எல்லாத்தையும் பார். மருந்து என்றால் குறைந்த அளவு, குறைந்த நாள். 1904-ல் எட்டிக்கொட்டைச் சாற்றைப் பெருமையாக எழுதி வைத்த இடத்திலிருந்து இங்கே வர 113 வருஷம்!

சைக்கிள் பந்தய சம்மேளனம் டிரமடால் என்கிற வலி மருந்தை 2019 மார்ச்சில் தடை செய்தது. 2022 டூர் டி ஃப்ரான்ஸில் ஆறாவதாக வந்த நைரோ கின்டானாவின் இடம் அதனால் பறிபோனது. 2024 ஜனவரி 1 முதல் எல்லா விளையாட்டுக்கும் போட்டி நேரத்தில் அதற்குத் தடை. வலி குறைந்தால் வேகம் கூடும் என்பதை இப்படி எழுத்திலேயே ஒத்துக்கொண்டாகிவிட்டது.

இன்னொரு சின்ன மாற்றமும் நடந்தது. வலி ஆராய்ச்சிக்கான சர்வதேச சங்கம் 1979-ல் எழுதிய வலியின் இலக்கணத்தை 2020-ல் திருத்தியது. கூடவே சேர்த்த குறிப்புகளில் ஒன்று: ஒருவர் தனக்கு வலிக்கிறது என்று சொன்னால் அதை மதிக்க வேண்டும். கேட்க சப்புன்னு இருக்கு இல்ல? ஹிக்ஸ், வால்டன், ஸ்ட்ரக் மூணு பேர் கதையையும் படிச்சிட்டு அந்த வரியைத் திரும்பப் படிச்சுப் பாருங்க.

அடுத்த வருஷமே, 2021 ஜூலை 27, டோக்கியோ. சிமோன் பைல்ஸ் அணிப் போட்டியில் ஒரு வால்ட் முடித்துவிட்டு வெளியே வந்தார். கால் உடையவில்லை. அந்தரத்தில் தான் எங்கே இருக்கிறோம் என்று உடம்புக்குத் தெரியாமல் போகிற ஒரு நிலை. கழுத்து உடைய நொடி போதும். "என்னால இப்ப முடியாது" என்றார். ஓடிப் போனாள், கோழை என்று திட்டியவர்கள் உண்டு. அமெரிக்கா வெள்ளியோடு திரும்பியது. ஆனால் பைல்ஸுக்கு ஆதரவாகப் பேசியவர்களில் கெர்ரி ஸ்ட்ரக்கும் ஒருவர். 2024 பாரிஸில் பைல்ஸ் திரும்ப வந்து மூணு தங்கம் வாங்கினார் என்பது உபரிச் செய்தி. வாங்காவிட்டாலும் அன்றைக்குச் செய்தது சரிதான்.

ஆக, கோடு எங்கே இருக்கு? இவ்வளவு படிச்சதில் எனக்குப் புரிந்தது இதுதான். வலியைத் தாங்குவதா வேண்டாமா என்பது ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அந்த வலி என்ன சொல்லுதுன்னு யாராவது படிச்சாங்களா, படிச்சதை அந்த ஆளுக்குச் சொன்னாங்களா, அப்புறம் அணைக்கிற பொத்தானை அமுக்கினது அந்த ஆள்தானா. கும்ப்ளேக்கு உடைந்தது தாடை என்று தெரியும். ஆபரேஷன் எப்போ என்று தெரியும். போடணும் என்று அவர்தான் முடிவு செய்தார். அதனால்தான் அந்த 14 ஓவர் எனக்கு இன்னும் புல்லரிக்குது. அதை வீடியோவா எடுத்து "வலியா? அப்படின்னா என்ன?"னு பின்னணி இசை போட்டு ஸ்கூல் பசங்க குரூப்ல ஃபார்வேர்ட் பண்றதுதான் பயமா இருக்கு.

இப்போ நானும் திரும்ப ஓடறேன். மெதுவா. போன ஞாயிறு ஆறாவது கிலோமீட்டர்ல அதே இடத்துல லேசா ஒரு 'சுர்'. நின்னேன். பக்கத்துல ஒரு டீக்கடை. டீ குடிச்சிட்டு பஸ் பிடிச்சு வீட்டுக்கு வந்துட்டேன். மெடல் எல்லாம் இல்ல. ஆனா மறுநாள் காலைல காலைக் கீழ ஊன முடிஞ்சது.

பி.கு: உங்க ஸ்கூல் பி.டி. வாத்தியார் "வலிக்குது சார்"னு சொன்னப்ப என்ன சொன்னார்? பின்னூட்டத்துல சொல்லுங்க. என்னோட வாத்தியார், "இன்னும் ரெண்டு ரவுண்டு ஓடு, சரியாப் போயிடும்"!